கொழுப்பைத் தின்று வளரும் காசநோய்க் கிருமி!

உடலைக் காக்கும் வெள்ளை அணுவுக்குள்ளேயே ஒண்டுக் குடித்தனம் நடத்தும் கிருமி ஒன்று உண்டு. அதுதான் காசநோய்க் கிருமி!

ஜெர்மன் நாட்டு டாக்டர் ராபர்ட் காக், 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நோயாளி இருமும்போது இது காற்றில் கலந்து, அடுத்தவரின் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே "மேக்ரோபேஜ்" என்ற பெரிய வெள்ளை அணு காவல் இருக்கிறது. உள்ளே வரும் கிருமிகளை விழுங்கிச் செரித்து விடுவது அதன் வேலை.

காசநோய்க் கிருமியையும் அது விழுங்குகிறது. ஆனால் பல சமயம் செரிக்க முடிவதில்லை. விழுங்கப்பட்ட கிருமி, அங்கேயே தங்கி விடுகிறது.

வீட்டுக்காரர் சோறு

தங்க இடம் கிடைத்தால் போதுமா? சாப்பாடு வேண்டாமா? வெள்ளை அணு சேமித்து வைத்திருக்கும் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் கிருமி தின்கிறது. கிருமி புகுந்த அணுவில் கொழுப்புத் துளிகள் பெருகுகின்றன. சில அணுக்கள் நுரை பொங்கியதுபோல் காட்சி தருகின்றன.

வெள்ளை அணுவும் சும்மா இருப்பதில்லை. கிருமிக்கு இரும்புச் சத்து கிடைக்காதபடி பதுக்கி வைக்கிறது. சர்க்கரையை வேகமாகச் செலவழித்துச் சண்டைக்குச் சக்தி தேடுகிறது. "இட்டாகோனிக் அமிலம்" என்ற பொருளையும் தயாரிக்கிறது. கொழுப்பைத் தின்று வாழக் கிருமிக்குத் தேவையான ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டறிந்திருக்கிறார்கள்.

இந்தச் சண்டையில் யார் கை ஓங்குகிறதோ, அதைப் பொறுத்தே நோய் வருவதும் வராததும். கிருமி புகுந்த பலருக்கு ஆயுள் முழுவதும் நோயே வருவதில்லை. உடல் பலவீனப்பட்டால் கிருமி தலைதூக்குகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். வயிறாரச் சாப்பாடு இல்லாதவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அரிசியும் பருப்பும்

சாப்பாட்டால் நோயைத் தடுக்க முடியுமா? ஜார்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்கு கொண்டது. நோயாளிகளின் குடும்பத்தினர் சுமார் 10 ஆயிரம் பேர் இதில் இடம்பெற்றனர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பகுதி வீடுகளில் மட்டும், குடும்பத்தில் உள்ள மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

முடிவு 2023-ல் வெளியாயிற்று. குடும்பம் முழுவதும் உணவு பெற்ற வீடுகளில், புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது!

மருந்தை நிறுத்தாதீர்கள்

அதற்காக, நோய் வந்தபின் சாப்பாட்டை மட்டும் நம்பக்கூடாது. 1956-ல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றார்கள். மற்றவர்கள் ஏழ்மையான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இரு சாராருமே ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். குணமாக்கியது மருந்து என்பது தெளிவாயிற்று.

குடலில் வாழும் "ஈ.கோலி" என்ற கிருமி, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் பெருகாமலே வெள்ளை அணுவுக்குள் பதுங்கிக் கிடக்கும். அவற்றை எல்லாம் ஒழிக்கத்தான் சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம் மருந்து தருகிறார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தினால், மிச்சக் கிருமிகள் மீண்டும் கிளம்பும். மருந்துக்கு அடங்காத கிருமிகளாகவும் மாறலாம்.

வெளிமாநிலத்தில் ஒரே அறையில் பலர் தங்கி, டீயும் பன்னும் தின்று நாளைக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துப் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை பெறும் காலத்தில் உணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால், புறப்படுமுன் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். உங்கள் பதிவை ஊருக்கே மாற்றித் தருவார்கள். மருந்து ஒரு நாளும் நிற்க வேண்டியதில்லை.