மீன் தொட்டிப் பஞ்சில் குடியிருப்பவர்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டி கழுவுவது சில வீடுகளில் ஒரு திருவிழா. கொளத்தூர்ச் சந்தையில் ஆசையாக வாங்கி வந்த தங்க மீன்களை வாளிக்கு மாற்றுவார்கள். வடிகட்டியில் இருக்கும் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, கறுப்பு நீங்கும்வரை கசக்கி, வெயிலில் காயவைத்து மாட்டுவார்கள். தொட்டி பளிச்சென்று இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சில இறந்தும் போகும்.

சுத்தம் செய்ததால் மீன் சாகுமா? சாகக்கூடும்! எப்படி என்று பார்ப்போம்.

தெளிந்த நீரில் நஞ்சு

மீன்கள் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. மிச்சமான இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். ஏரியில் நீர் ஏராளம். பாசியும் செடிகளும் அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டியில் அது எங்கே போகும்? நீரிலேயே கரைந்து நின்று செவுள்களைப் புண்ணாக்கும். அப்போதும் நீர் தெளிவாகவே தெரியும்.

இந்த நஞ்சை அகற்றுபவை சில பாக்டீரியாக்கள். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது இரத்தத்தில் கலந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. நைட்ரோஸ்பைரா என்னும் வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு அவ்வளவு கெடுதல் இல்லை. அவ்வப்போது கால் பங்கு நீரை மாற்றினால் குறைந்துவிடும்.

இத்தகைய பாக்டீரியாக்களை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் கீவ் நகரில் பிறந்த விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி. நைட்ரோஸ்பைராவில் சில இரண்டு வேலைகளையும் தனியாகவே செய்யும் என்பது 2015-இல்தான் தெரியவந்தது.

பஞ்சு ஒரு குடியிருப்பு

இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜனும் வேண்டும். ஓடும் நீரில் இருக்கும் பஞ்சில் இரண்டும் கிடைக்கின்றன. அதன் நுண்துளைகளின் சுவர்களெல்லாம் அவற்றின் வீடுகள்.

ஆனால் இவை மெதுவாகத்தான் பெருகும். நம் குடலில் வாழும் ஈ.கோலி, நல்ல சூழ்நிலையில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இவற்றுக்கோ பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் கொன்றவற்றைப் புதன்கிழமைக்குள் திரும்பப் பெற முடியுமா?

குழாய்த் தண்ணீர் ஏன் கொல்கிறது? ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே உள்ள செம்பரம்பாக்கத்தில், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குப் போகும் குடிநீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நமக்கு அது பாதுகாப்பு. ஆனால் குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற வேறுபாடு தெரியாது.

ஒரகடத்திலும் இதே கதை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். கேண்டீனிலும் கழிப்பறையிலும் சேரும் கழிவுநீரை இத்தகைய பெரிய ஆலைகள் சுத்திகரிக்க வேண்டும். அதற்குப் பரவலாகப் பயன்படும் முறையில், ஒரு தொட்டியில் காற்றை ஊதி, பழுப்பு நிறச் சேற்றைக் கலக்குவார்கள். அந்தச் சேறு பாக்டீரியாக் கூட்டம். பிறகு அடியில் படியும் சேற்றில் ஒரு பகுதியை மறுபடியும் தொட்டிக்கே அனுப்புவார்கள்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் இதை 1914-இல் வெளியிட்டார்கள். முதலில் கழிவுநீர் முழுமையாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. சேற்றைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோது, ஒரு நாளுக்குள் முடிந்தது! கழிவுநீர் நிலையத்துக்கும் உங்கள் தொட்டிக்கும் விதி ஒன்றே: அழுக்கை அகற்று, ஆளை அகற்றாதே.

சரியாகக் கழுவும் முறை

1. தொட்டியிலிருந்து கால் பங்கு நீரை ஒரு வாளியில் எடுங்கள். அந்த நீரிலேயே பஞ்சை இரண்டு மூன்று முறை பிழியுங்கள். அடைப்பு நீங்கினால் போதும், வெள்ளையாக வேண்டாம்.

2. சோப்பு, பிளீச்சிங் பவுடர், வெந்நீர், வெயில் எதுவும் வேண்டாம்.

3. இரண்டு பஞ்சுகள் இருந்தால் இந்த வாரம் ஒன்று, சில வாரம் கழித்து மற்றொன்று.

4. பஞ்சு கழுவும் நாளிலேயே கூழாங்கற்களையும் கழுவாதீர்கள். அவற்றிலும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன.

5. புதிதாக ஊற்றும் குழாய் நீரில், கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. மின்சாரம் நின்று வடிகட்டி பல மணி நேரம் ஓடாமல் போனால், பஞ்சில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? விடைக்கான குறிப்பு இக்கட்டுரையிலேயே இருக்கிறது. தேடிப் பாருங்கள்!