ஐந்து சதம் அடித்தவர்

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் காலை ஆட்டம் முடித்து, கையில் டீ கிளாஸோடு நிற்பவர்களின் ஆதங்கம் ஒன்றுதான்: "நல்ல ஃபார்மில் இருக்கிற பையனை ஏன் சார் எடுக்கல?"

தமிழகத் தொடக்க ஆட்டக்காரர் நாராயண் ஜெகதீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில், விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து 5 சதங்கள். ஐந்தாவது சதம், அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 ரன்! இரண்டுமே அன்று ஒருநாள் ஆட்டங்களில் உலக சாதனை. 2024 ஜனவரியில், ரஞ்சி கோப்பையில் சண்டிகருக்கு எதிராக 321.

இந்திய டெஸ்ட் அணியின் அழைப்பு வந்ததோ 2025 ஜூலையில், ரிஷப் பந்த் காயமடைந்த பிறகு.

அழைப்பு தாமதமாகலாம், அடித்த ரன் அழியாது. சேப்பாக்கத்தில் அடுத்த ரஞ்சி ஆட்டத்துக்கு ஒரு எட்டு போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள்!