கணக்கு நிரல் யார் கையில்?



காடாம்புலியூரில் என் முந்திரி மண்டிக்குக் கணக்கு நிரல் எழுதித் தந்தவர் வெளியூர் போய்விட்டார். திருத்த ஆளில்லாமல் இரண்டு வருஷப் பாக்கி விவரம் அதற்குள்ளேயே முடங்கியது. இப்போது என் பேரன் நிரல் எழுதப் பழகுகிறான். இருப்பு, பாக்கி, ரசீது ஆகியவற்றைத் திரைக்குப் பின்னால் கவனிக்கும் வேலைக்கு முதலில் எந்த ஃபிரேம்வொர்க் பழகலாம் என்று கேட்டான். விசாரித்தேன்.

2010-ல் வந்த ஃபிளாஸ்க் வெறும் கடை போல. அலமாரி, கல்லாவை நாமே தேடி வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவாகி 2005-ல் வெளியான ஜாங்கோவில் கடவுச்சொல் பூட்டும், சரக்குப் பதியும் பக்கமும் தயாராக உள்ளன. இரண்டும் பைத்தான் மொழி, இரண்டும் இலவசம்.

"ஜாங்கோவே பழகு. பலர் அறிந்தது, நீ வேலைக்கு வெளியூர் போனாலும் இன்னொருவர் திருத்துவார்" என்றேன். கணக்கு நேராகும் வரை பேரேட்டை மூடாதீர்கள்!