பில் காகிதமும் எலிக்கூண்டும்

கையால் சிட்டை எழுதிக் கொடுத்த காலம் போய், இன்று சிறிய மளிகைக் கடையிலும் பில் மிஷின் வந்துவிட்டது. மை இல்லை, ரிப்பன் இல்லை, கார்பன் தாள் இல்லை. ஆனாலும் எழுத்து விழுகிறது. தாளின் மேல் பூசியுள்ள ரசாயனம் சூடு பட்டதும் கறுத்துவிடுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். அந்தப் பூச்சில் நெடுங்காலமாகச் சேர்த்துவந்த பொருள் பிஸ்பெனால் ஏ, சுருக்கமாக பி.பி.ஏ. பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கையும் இதைக் கொண்டே செய்கிறார்கள். நம் கடை வாசலில் அடுக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இந்த ரகம்.

இந்தப் பொருளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. கிளீவ்லண்ட் நகரின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பாட்ரிஷியா ஹன்ட் என்ற அம்மையார் பெண் சுண்டெலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துவந்தார். எந்த மருந்தும் கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த எலிகளில் 100 முட்டைக்கு ஒன்றிரண்டில்தான் குரோமோசோம் கோளாறு இருக்கும். திடீரென்று அது 40 ஆகிவிட்டது.

தீனி, காற்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். கடைசியில் அகப்பட்டது கழுவுகிற சோப்பு! எலிக்கூண்டுகளும் தண்ணீர்ப் புட்டிகளும் பாலிகார்பனேட்டால் ஆனவை. அவற்றை மென்மையான சோப்பில் கழுவாமல், தரை துடைக்கும் காரமான சோப்பில் யாரோ கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு மங்கிப்போய், அதிலிருந்து பி.பி.ஏ. கசிந்திருக்கிறது. சந்தேகம் தீர, வேண்டுமென்றே கூண்டுகளை அதேபோல் கெடுத்துப் பார்த்தார்கள், பிறகு பி.பி.ஏ.வை மட்டும் தனியாக ஊட்டியும் பார்த்தார்கள். கோளாறு மீண்டும் வந்தது. பல ஆண்டு சோதனைக்குப் பின் 2003-இல்தான் அதை வெளியிட்டார்கள். 2007-இல் அவர்கள் கண்டது இன்னும் யோசிக்க வைப்பது: சினை எலிக்குக் கொடுத்தால், வயிற்றிலிருக்கும் பெண் குட்டியின் முட்டைகளும் பழுதாகின்றன. அதாவது பேத்திக்கும் சேர்த்து நஷ்டம். பெண் குழந்தைக்கு ஆயுள் முழுவதற்குமான கருமுட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேரும் என்று முடிவு கட்டிவிட முடியாது. அரசாங்கங்களிடையேகூட ஒரே கருத்து இல்லை. உணவில் கலக்கும் அளவு பாதுகாப்பானதே என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014-இல் சொன்னது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளலாம் என்று தான் முன்பு சொன்ன அளவை 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது. உணவுப் பாத்திரங்களிலும் டின் உட்பூச்சிலும் அதற்குத் தடை விதிக்கும் சட்டம் ஐரோப்பாவில் 2024 டிசம்பரில் வந்தது. நம் நாட்டில் பால் புட்டிக்கான தர விதி 2015-லேயே பாலிகார்பனேட்டை விலக்கிவிட்டது. பழைய சரக்கு யாரிடமாவது கிடந்தால் விற்க வேண்டாம்.

கேனை விட பில் காகிதம்தான் நமக்கு நெருக்கமான விஷயம். கேனில் பி.பி.ஏ. பிளாஸ்டிக்கோடு பிணைந்து கிடக்கிறது. சூடும் காரமும் பட்டால்தான் கசியும். பில் தாளிலோ அது பிணைப்பில்லாமல் மேலேயே இருக்கிறது. தொட்டால் கையில் ஒட்டும். அமெரிக்காவின் ஹார்வர்டில் 24 பேரை 2 மணி நேரம் பில் தாள்களைக் கையாளச் செய்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறுங்கையோடு செய்தபோது சிறுநீரில் பி.பி.ஏ. கூடியது, கையுறை போட்டபோது அப்படிக் கூடவில்லை. சானிடைசர் தடவிய ஈரக்கையால் தாளைத் தொட்டால் தோல் வழியே அதிகம் இறங்குகிறது என்று மிசௌரியில் அதே ஆண்டு கண்டார்கள். நம் கடைகளில் பில் போட உட்காருபவர்களில் அநேகர் கல்யாண வயதுப் பெண்கள், புதிதாக மணமானவர்கள். அவர்கள் 2 மணி நேரமல்ல, நாள் முழுதும் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் கொடுக்கிற நமக்கு இதில் பொறுப்பு உண்டு.

"பி.பி.ஏ. இல்லாதது" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் போடுவது பி.பி.எஸ். என்னும் அதன் பங்காளி. ஹன்ட் அம்மையாரின் ஆய்வுக்கூடத்திலேயே, பாலிகார்பனேட்டை ஒதுக்கிவிட்டு வாங்கிய வேறு ரகக் கூண்டுகளும் பழுதாகி, அவற்றிலிருந்து பி.பி.எஸ். கசிந்து, அதே மாதிரிக் கோளாறு காட்டியதை 2018-இல் எழுதினார்கள். ரோல் கொண்டுவருபவரிடம் நாம் இதைக் கேட்டபோது, "விலை குறைச்சல்ங்க அண்ணாச்சி" என்று மட்டும் பதில் வந்தது! பெனால் வகையே இல்லாத ரோல்களும் தயாராகின்றன. விலை சற்றுக் கூடுதல். சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் கட்டுப்படியாகும்.

அதுவரை செலவில்லாத காரியங்கள் சில உண்டு. பில்லை வாயில் கவ்வக் கூடாது. பலகாரம், காய்கறிப் பைக்குள் போடாமல் கையில் கொடுக்க வேண்டும். சானிடைசர் தடவினால் கை நன்றாகக் காய்ந்த பிறகே பில் போட வேண்டும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பிணிப் பெண் இருந்தால் கல்லாவிலிருந்து மாற்றி வேறு வேலை கொடுக்கலாம், சம்பளத்தைக் குறைக்காமல். தண்ணீர் கேன்களை வெயிலில் அடுக்க வேண்டாம். கீறலும் மங்கலுமான கேனைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

உங்கள் தாள் எந்த வகை என்று தெரிய நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டுத் தாள். மொத்தக் கடைகள் சிலவற்றில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் மிஷின் ஓடுகிறது. அதற்குச் சாதாரணத் தாளே போதும். சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.