பருவமழை வருது… திரைக்குப் பின்னால் என்ன நடக்குது?

மே மாதம் பிறந்துவிட்டால் குன்னத்துகால், பாறசாலை வட்டாரத்தில் ஒரே கேள்விதான்: “இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) எப்போ?” ரப்பர் மரத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டை வழியே இறங்கும் மழைநீர், சிரட்டையில் இருக்கும் பாலையும் அடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கேள்விக்கான கணக்கு நடக்கும் இடங்களில் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. வாங்க, எட்டிப் பார்ப்போம்!

திருவனந்தபுரத்தில் ஒரு குன்று. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா அமைத்த வானாய்வுக்கூடம் அங்கேதான். இன்று வானிலை மையமும் அதே குன்றில்! அதிகாலையில் ஹைட்ரஜன் பலூன் ஒன்று ஜிவ்வென்று கிளம்பும். அடியில் தொங்கும் சின்னக் கருவி வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் கீழே சொல்லிக்கொண்டே போகும். மேலே போகப் போகப் பலூன் ஊதிப் பெருத்து, கடைசியில் வெடித்துவிடும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் ஏறக்குறைய இதே நேரத்தில் இதே வேலை!

காலை 8.30. மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கிறார்கள். மினிக்காய் முதல் மங்களூர் வரை, திருவனந்தபுரமும் புனலூரும் உட்பட, 14 நிலையங்கள். மே 10க்குப் பிறகு இவற்றில் 60 சதவீத இடங்களில் இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தது 2.5 மி.மீ. பெய்து, மேலைக்காற்றும் மேகமும் ஒத்துவந்தால் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவிப்பு வந்துவிடும். 2.5 மி.மீ. சொற்பமா? ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 100 லிட்டர்!

வழக்கமான நாள் ஜூன் 1; 2025இல் மே 24ஆம் தேதியே வந்து அசத்தியது.

ஆனால் ஒரே மாநிலத்துக்குள் எத்தனை வானம்! வயநாட்டு லக்கிடியில் கொட்டித் தீர்க்கும்; மறையூர் பக்கத்துச் சின்னாறு மலைமறைவில் காய்ந்து கிடக்கும். தென்கோடியில் இடவப்பாதி கொஞ்சம் அடக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு வரும் துலாமழை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கங்கள் நேராக உள்ள பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் 8.30க்கு அடிஸ்கேலால் அளந்து, நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊர் மழைக்கு உங்கள் ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கட்டும்!