கொடுத்தது எவ்வளவு? மாறியது என்ன?

தீபாவளிக்கு முன் அரிசியும் எண்ணெயும், பள்ளி திறக்கும்போது புத்தகப்பையும் காலணியும் என, உதவி வழங்கும் நிகழ்ச்சிகளுக்கு நம் சமுதாயத்தில் குறைவில்லை. 'நூறு குடும்பங்கள் பயன்பெற்றன' என்று மறுநாள் படத்தோடு செய்தியும் வரும். அடுத்த ஆண்டு அதே மண்டபத்திற்கு அதே நூறு குடும்பங்கள் வந்தால் அது வெற்றியா, தோல்வியா?

செர்காமையே எடுத்துக்கொள்வோம். மலாக்கா, ஜாசின் மாவட்டத்தில், உம்பாய்க்கும் மெர்லிமாவுக்கும் இடைப்பட்ட கரையோர ஊர். வெளியூர்க்காரர்களுக்கு இது சுட்ட மீன் சாப்பிடும் இடம். நமக்கோ தோட்ட வாழ்க்கையோடு பிணைந்த வட்டாரம். டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது இதே மலாக்காவில்தான்.

தோட்டத்தில் வாழ்ந்தபோது நம் நிலைமை ஒரே பார்வையில் தெரிந்தது. லயத்தில் எத்தனை வீடு, எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பது கிராணிக்கும் ஆசிரியருக்கும் தெரியும். இன்று குடும்பங்கள் தாமான்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. உதவியும் தனித்தனி விண்ணப்பத்திற்குத்தான் கிடைக்கிறது. ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதை நாடே ஒருமுறை கண்டது. 2016-இல் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றது அரசாங்கக் கணக்கு. வறுமைக்கோடு அப்போது குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி. 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2020-இல் புதிய முறைப்படி கோடு 2,208 வெள்ளியானது. 2019-இல் 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள் வறுமையில் இருந்தது தெரியவந்தது. அவர்கள் ஒரே இரவில் ஏழையாகவில்லை. அதுவரை கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தியர்களுக்கென 2014-இல் செடிக் அமைக்கப்பட்டது. 2018-இல் அது மித்ரா ஆனது. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீடு. பாலர் பள்ளிக் கட்டணம், சிறுநீரகச் சுத்திகரிப்பு என அதன் உதவிகள் பலருக்குக் கிடைத்துள்ளன. 2021-இல் மித்ரா நிதி தொடர்பாக ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதும் நாம் அறிந்ததே. ஆனால் பணம் ஒழுங்காகச் செலவானதா என்பது ஒரு கேள்வி. ஒழுங்காகச் செலவான பணம் ஊரை மாற்றியதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத் தணிக்கையாளர் போதும். இரண்டாவதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வட்டார வறுமை ஒழிப்பு அமைப்புகள், 1994 முதல் குடும்பம், அமைப்பு, சமூகம் ஆகிய மூன்று நிலைகளில் பலனைக் கணக்கிடத் தொடங்கின. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, வருமானத்தைக் கேட்கவில்லை. கழிப்பறை, குடிநீர், வீட்டின் நிலை, எழுத்தறிவு, சம்பாதிப்போர் எண்ணிக்கை என ஒன்பது அறிகுறிகளைப் பார்த்தது. நான்கு பொருந்தினால் அது ஏழைக் குடும்பம். எண்ணியவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். தமிழ்நாட்டின் புதுவாழ்வுத் திட்டமும் 2005 முதல் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தோடு சமூகத் தணிக்கைக் குழுவையும் சேர்த்தே அமைத்தது.

செர்காமில் எதை எண்ணலாம்? பாலர் பள்ளிக்குப் போகாமல் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் எத்தனை? எஸ்.பி.எம். எழுதாமல் நின்றவர்கள் எத்தனை? சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கப்படும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை? அடையாள ஆவணம் இல்லாதவர்கள் எத்தனை? அமானா இக்தியார், தெக்குன் போன்றவற்றில் கடன் வாங்கித் தொடங்கிய தொழில் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நடக்கிறதா? உதவி வருமுன் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எண்ணினால் மாற்றம் தெரிந்துவிடும்.

இதில் கவனமும் தேவை. பக்கத்தில் தொழிற்சாலை திறந்து வேலை கிடைத்திருந்தால், அந்தப் பெருமை உதவி அமைப்பைச் சேராது. அதேபோல், படித்து முன்னேறிய பிள்ளைகள் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், எஞ்சியிருப்போரை மட்டும் எண்ணும் கணக்கு எதுவுமே மாறவில்லை என்று காட்டும். ஆகவே ஊரைவிட்டுப் போனவர்களையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். எண்களை வெளியிடலாம், பெயர்களை வெளியிடக்கூடாது. வறுமை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் செய்தியல்ல.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. நம் கோயில்களில் திருவிழா முடிந்ததும் வரவு செலவைச் சல்லிக்காசு வரை எழுதி ஒட்டுகிறோம். அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆலய நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் குடியிருப்பாளர் சங்கமும் சேர்ந்து ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். அடுத்த முறை உதவி வழங்க வருவோரிடம் அதைக் காட்டி, "போன ஆண்டு இத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள். இந்த ஆண்டு அதைக் குறைக்க என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம்.