பந்தயக் காரும் அதற்குரிய களமும்



"ஹஜ்ரத், பந்தயம் என்பதே மார்க்கத்தில் கூடாதா?" என்று மதரஸா மாணவன் ஒருவன் வினவினான். திட்டக்குடி - விருத்தாசலம் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் பிள்ளைகளை நான் கண்டித்ததன் விளைவு அந்தக் கேள்வி. அவனுக்குப் பந்தயக் காரின் வரலாற்றைச் சொன்னேன்.

பந்தயக் கார் என்பது வேகமாக ஓடும் வீட்டுக் கார் அன்று. எடை குறைந்த இரும்புக் குழாய்ச் சட்டம், தரையை ஒட்டிய உடல், கவிழ்ந்தாலும் தலை நசுங்காதபடி ஒரு வளைவு, ஓட்டுநரை இருக்கையோடு பிணைக்கும் பட்டைகள் என அதன் அமைப்பே வேறு. மலையேற்றப் பந்தயத்தில் ஒவ்வொரு வண்டியாக ஏறும், கடிகாரமே போட்டியாளர். இலங்கையின் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலைப்பாதையில் 1930களிலேயே இது நடந்திருக்கிறது. சுற்றுத்தளத்திலோ எல்லா வண்டிகளும் சேர்ந்தே ஓடும்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பல்லாண்டுகள் பந்தயக் களமாக விளங்கியது. செல்வந்தர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைத் தருவித்து ஓட்டினர். வசதியற்றோர் பியட், அம்பாசடர், ஹெரால்டு கார்களின் உறுப்புகளைக் கொண்டு தாமே வண்டி கட்டினர். (எனக்கு மதிப்பு பின்னவர்கள் மீதுதான்.) 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் திறக்கப்பட்டது.

பணமுள்ளவனே வெல்வான் என்ற நிலையை மாற்ற முனைந்தவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைப் பொருத்தி, ஒற்றை இருக்கை கொண்ட 'பார்முலா மாருதி' பந்தயக் காரை 1988இல் அவர் உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். ஆகவே வெற்றி ஓட்டுபவனின் திறமையைப் பொறுத்தது. அவ்வண்டியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைக் காணவில்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார்.

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதில் அவர்களும் கலந்துகொண்டார்கள். மெலியவைத்துப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே ஒரு மைல். சமமானவை சமமானவற்றோடு, குறித்த எல்லைக்குள்! கரிவரதன் செய்ததும் ஏறத்தாழ இதுவே அல்லவா?

பந்தயத்தின் மீது பணம் கட்டுவது சூதாட்டம். அது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓட்டும் ஆசையை மட்டும் வைத்துப் பிள்ளையை ஏசாதீர்கள். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் 2003இல் அமைந்த 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. தலைக்கவசம், மருத்துவ வண்டி, கொடி காட்டும் அலுவலர் ஆகியோர் இல்லாமல் அத்தகைய களங்களில் பந்தயம் தொடங்குவதில்லை. நம் சாலையிலோ கரும்பு வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமே எதிரே வருகின்றனர். வண்டிச் சாவியைக் கொடுக்குமுன் அதை மகனிடம் சொல்லுங்கள்.